சரோஜாதேவியின் கடைசி வரியும் மொனராகலை ஹெட்போனும்

பதுளை,
திங்கட்கிழமை முற்பகல்.

அன்புள்ள மருமகன் ஆரூரனுக்கு,

மாமா கனகசபை எழுதுவது. இங்கே நானும் உம்முடைய மாமி சரோஜாதேவியும் மூட்டுவலி நீங்கலாகச் சுகம். கொழும்பில் நீரும் துவாரகாவும் குழந்தையும் வெக்கை நீங்கலாகச் சுகமாயிருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். தொலைபேசியிலேயே பேசியிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் தொலைபேசி பேசுகிற இடத்துக்கும் மாமி தேங்காய் துருவுகிற இடத்துக்கும் இடையில் நான்கு அடிதான் உண்டு. அளந்து பார்த்தேன். ஆகையால் கடிதம். வாசித்தபின் கிழித்துவிடவும். மூத்தவர் எழுதியதைக் கிழிப்பது சரியில்லை என்று தோன்றினால் மடித்து எங்காவது வைக்கவும். இரண்டில் எது முறை என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் தெருக்கோடியிலுள்ள பிள்ளையார் கோவிலில் இருபத்திரண்டு வருடமாகக் காலைப் பூசையில் மாமி பதிகம் பாடுவதும், அவருக்கு இடது பக்கத்தில் உட்கார்ந்து நான் சுருதிப்பெட்டி அமுக்குவதும் உமக்குத் தெரியும். இப்போது மாமியின் முழங்கால் கோவில் படிகளுக்கு உடன்படுவதில்லை. டொக்டரும் கூடாது என்றுவிட்டார். பூசை மணி கேட்கும்போது மாமி கையிலிருக்கிற வேலையை நிறுத்திவிட்டு நிற்கிறார். இதை அறிந்த பரிபாலன சபை, மாமியின் பாட்டைப் பதிவுசெய்து தினமும் காலை ஐந்தரைக்கு ஹோர்ன் ஸ்பீக்கரில் போடுவது என்று தீர்மானித்தது. பொருளாளர் கணபதி, தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து இப்போது டவுனில் இரண்டு லொறி ஓட்டுவிக்கிறவர், ஒருநாள் வந்து தன்னுடைய புதுப் போனை எங்கள் மேசையில் எனக்கும் மாமிக்கும் நடுவில் நிமிர்த்தி வைத்து, ஒன்பது பாட்டையும் பதிந்துகொண்டு போனார். மாமி அன்றைக்குக் கூறைச்சேலை உடுத்திருந்தார். ஒலிப்பதிவில் சேலை தெரியாது என்பதை நான் எடுத்துச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் கணபதி என்னைச் சந்தை வாசலில் மறித்தார்.

"ஐயா, தப்பா நெனைச்சுக்காதீங்க. பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒவ்வொரு பாட்டுலயும் கடைசி வரி வரும்போது என்னமோ கீழ எறங்குதுங்க. பஸ்ஸு பள்ளத்துல எறங்குற மாதிரி."

"அது ஸ்பீக்கரின்ரை கோளாறாக இருக்கலாம்," என்றேன்.

"இருக்கலாங்க. மத்தவங்க கேட்டுட்டு, கடையில விக்கிற பாட்டையே வாங்கிப் போட்டுறலாம்னு சொல்றாங்க. நாந்தான் நிப்பாட்டி வச்சிருக்கேன். இந்த ஊரு தராசெல்லாம் பாத்தவரு நீங்க. பாட்டை உங்க போனுக்கு அனுப்பி வைக்கிறேன். நீங்களே நல்லாக் கேட்டுட்டு, போடலாமா வேணாமான்னு கூட்டத்துல சொல்லிடுங்க. நீங்க சொன்னா முடிஞ்சுச்சு. அம்மாவுக்கு இப்ப ஒண்ணும் தெரிய வேணாங்க."

நிறுத்தல் அளத்தல் பரிசோதகராக முப்பத்தொரு வருடம் இருந்தேன் என்பது உண்மை. ஆனால் அந்த முப்பத்தொரு வருடத்தில் நான் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது இரண்டே வழக்குகள். அவற்றில் ஒன்றில், பிழையாக இருந்தது கடைக்காரரின் படிக்கல் அல்ல, ஒப்பிடுவதற்கு நான் கொண்டுபோன படிக்கல் என்று பிற்பாடு தெரியவந்தது. இதைக் கணபதியிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவருடைய லொறிக்குப் பின்னால் நின்ற வாகனங்கள் ஹோர்ன் அடிக்கத் தொடங்கிவிட்டன. அன்று மாலை உமக்குத் தொலைபேசி எடுத்தபோது (மாமி குளித்துக்கொண்டிருந்தார்) நீர் சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம், கொப்பியிலும் எழுதிவைத்திருக்கிறேன்: "மாமா, போன் ஸ்பீக்கரிலை கேட்டுத் தீர்ப்புச் சொல்லாதேங்கோ. கூட்டாமல் குறைக்காமல் உள்ளதை உள்ளபடி தாற ஹெட்போன் ஒண்டு வாங்குங்கோ. நியூட்ரல் எண்டு கேளுங்கோ. பெரிய விலை தேவையில்லை." ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்கிறவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஏழாயிரம் ரூபாயை ஒதுக்கிவைத்துவிட்டு, மறுநாளே இறங்கினேன்.

ஒரு தராசைச் சோதிப்பதற்கு நிறை தெரிந்த படிக்கல் வேண்டும். அதுபோல ஒரு ஹெட்போனைச் சோதிப்பதற்குச் சத்தம் தெரிந்த பொருள்கள் வேண்டும் என்று யோசித்து, எங்கள் சுவர் மணிக்கூடு, தேத்தண்ணிக் கேத்தல் கொதிப்பது, பதுளை ஸ்டேசனிலிருந்து காலை ரயில் புறப்படுவது, நான் ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணுவது ஆகிய நான்கையும் என் போனில் பதிந்துகொண்டு, பஜாரில் ஷப்ராஸ் என்கிற பையனின் கடைக்குப் போனேன். பையன் என்கிறேன், அவனுக்கு நாற்பது வயதிருக்கும். அவனுடைய தகப்பனாரின் பலசரக்குக் கடைத் தராசுக்கு வருடாவருடம் முத்திரை குத்தியவன் நான். அந்த மரியாதையில் கதிரை போட்டு உட்காரவைத்து, ஒரு கறுப்பு ஹெட்போனைத் தன் கையாலேயே என் தலையில் மாட்டிவிட்டான். மணிக்கூட்டைப் போட்டேன். யாரோ முன்கதவை உடைப்பதுபோல் இருந்தது. ரயிலைப் போட்டேன், எழுந்து ஒதுங்கி நின்றுவிட்டேன்.

"எப்பிடி சேர் பேஸ், அந்த அடிச்சத்தம்? நெஞ்சுல அடிக்குதா?"

"அடிக்குது தம்பி. அதுதான் வேண்டாம் எண்டு பாக்கிறன். மணிக்கூடு மணிக்கூடு மாதிரிக் கேட்டால் போதும்."

"மணிக்கூடு கேக்கவா சேர் ஹெட்போன்?"

"உதாரணத்துக்கு."

"சேர், பதுளையில பேஸ் கூட வேணும்னு வந்த ஆளுகதான் எல்லாம். பேஸ் வாணாம்னு கேட்டு வந்த மொத ஆள் நீங்கதான். காதுக்கு ஏதும் வருத்தமா?"

இல்லை என்றேன். அவன் நம்பவில்லை. ஆனாலும் முகம் சுளிக்காமல் ஏழு பெட்டிகளைத் திறந்தான். ஏழிலும் கேத்தல் இடியோடு கொதித்தது. ஏழாவதில் என் எண்ணிக்கையைக் கேட்டபோது, எனக்கே என்மேல் ஒரு பயம் கலந்த மதிப்பு உண்டாயிற்று. அப்படியொரு குரல் எனக்கு உத்தியோக காலத்தில் இருந்திருந்தால் வழக்குகள் இரண்டோடு நின்றிருக்காது. ஏழு பெட்டியைத் திறப்பித்துவிட்டு வெறுங்கையோடு எழும்புவது எப்படி என்று தெரியாமல், போனுக்கு ஒரு உறை வாங்கிக்கொண்டு வந்தேன். அது என் போனுக்கு அளவில்லை. மாற்றக் கேட்கவில்லை, அவன் வருத்தப்படலாம்.

உறைக்குக் காசு கொடுக்கும்போது ஷப்ராஸே ஒரு வழி சொன்னான். மொனராகலையில் முஸ்தாக் என்று ஒருவர் கலியாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோ வைத்திருக்கிறாராம். அவரிடம் பழைய ஸ்டூடியோ ஹெட்போன் ஒன்று விலைக்கு இருக்கிறதாம். வியாழக்கிழமை காலை உடுத்துக்கொண்டு நின்றபோது மாமி பார்த்துவிட்டார்.

"எங்கை வெளிக்கிட்டாச்சு?"

"பென்சன் அலுவலா ஒரு இடத்துக்கு."

"பென்சன் குடுக்கிற கச்சேரி இஞ்சைதானே இருக்கு. அதுக்கேன் தண்ணிப் போத்தலும் தொப்பியும்?"

இருமினேன். மாமி மேலே கேட்காமல் சோறு கட்டித் தந்தார். அது பெரிய உபத்திரவமாகப் போய்விட்டது. அவருடைய குரலில் குற்றம் பார்க்கும் கருவி வாங்கப்போகிறவன், அவர் கட்டித் தந்த முருங்கைக்காய்க் குழம்பை மடியில் வைத்துக்கொண்டு இரண்டரை மணித்தியாலம் பஸ்ஸில் போனேன். பஸ்ஸிலோ சாரதிக்குப் பின்னால் இரண்டு ஸ்பீக்கர்கள், ஷப்ராஸ் கடையில் இருக்கவேண்டியவை. ஒவ்வொரு வளைவிலும் குழம்பு ஒரு பக்கமும் பாட்டு மறுபக்கமும் சரிந்தன. மொனராகலை வெயிலில் ஸ்டூடியோவைத் தேடிப் பிடித்தபோது என் வேட்டியில் மஞ்சள் கறை இருந்தது. முஸ்தாக் அதைப் பார்த்தும் பார்க்காதவர்போல் இருந்தார். நல்ல மனிதர். அவர் எடுத்துக் காட்டிய ஹெட்போனில் காது மெத்தையின் தோல் உரிந்திருந்தது, வயர் ஓரிடத்தில் டேப் சுற்றியிருந்தது. ஆனால் மணிக்கூட்டைப் போட்டேன், ஆரூரன், மணிக்கூடு கேட்டது. எங்கள் வீட்டு மணிக்கூடு, அந்த நான்காவது தட்டலில் வருகிற சின்னத் தயக்கத்தோடு. கேத்தல் கேத்தலாகவே கொதித்தது. என் எண்ணிக்கை மெல்லியதாக, யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல் இருந்தது. உள்ளதை உள்ளபடி தருகிறது என்று தெரிந்துகொண்டேன்.

"இது ஒண்ணையும் கூட்டாது, ஒண்ணையும் கொறைக்காது சேர்," என்றார் முஸ்தாக். "எந்தப் பக்கத்தில ஆள் இருந்திச்சோ அந்தப் பக்கக் காதிலதான் கேக்கும், புதுப் போன்ல பதிஞ்சா அப்பிடித்தான். மோசமாப் பாடினா மோசமாவே கேக்கும். கலியாண வீட்டுக்காரங்க இதில கேட்டுப் பாத்துட்டு, எங்கட பாட்டைக் கெடுத்திட்டீங்கன்னு என்னோட சண்டைக்கி வாறாங்க. அதுதான் விக்கிறேன்."

ஆறாயிரத்து ஐந்நூறுக்குத் தந்தார். பேரம் பேசவில்லை. இரவு ஏழு மணிக்கு வீடு வந்து, செய்தி கேட்பதற்காக வாங்கியது என்று மாமியிடம் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். குளித்து வருவதற்குள், எங்கள் வீட்டுக்குள் வருகிற எந்தப் புதுப்பொருளுக்கும் நடப்பது அதற்கும் நடந்துவிட்டது. பிரிட்ஜுக்கும், தண்ணீர்ப் பம்புக்கும், போன வருடம் என் பல்செட்டுக்கும் செய்ததுபோல, ஹெட்போனைச் சுவாமிப் படத்துக்கு முன்னால் வைத்துச் சந்தனம் குங்குமம் சாத்தியிருந்தார். வெளிப்புறம் எழுத்து இருக்கிறதாம், எழுத்தின்மேல் பொட்டு வைக்கக்கூடாதாம், ஆகவே உட்புறமாக, ஒரு பக்கத்தில் மாத்திரம் வைத்தாராம். சோடிப்பொருள் ஒரு பொருள்தானே. "காலையிலை துடைச்சுப்போட்டுப் பாவியுங்கோ," என்றார். காலையில் துடைத்தேன்.

மாமி சந்தைக்குப் போன நேரம் பார்த்து, அறைக்கதவைச் சாத்திவிட்டு ஒன்பது பாட்டையும் கேட்டேன். முதலில் கவனித்தது, இடது காதில் எல்லாம் தலையணைக்குப் பின்னாலிருந்து வந்தது. மொனராகலையில் இரண்டு காதிலும் தெளிவாகக் கேட்டதே என்று யோசித்தேன். பொருள் ஒரே இரவில் கெடாது, அறுபத்தெட்டு வயதுக் காது கெடலாம். பஸ்ஸிலும் இடது காதை ஸ்பீக்கருக்குக் காட்டிக்கொண்டுதான் இருந்து வந்திருந்தேன். கருவியைச் சந்தேகிக்க முன் கருவியைப் பிடிப்பவனைச் சந்தேகிக்கவேண்டும் என்பது எங்கள் பயிற்சியில் முதல் பாடம். ஆகவே சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலை ஆறரைக்கு இலக்கம் எடுத்து, பதினொன்றரைக்கு ஷம்ரா என்கிற பிள்ளை என்னை ஒரு சின்ன அறைக்குள் இருத்தி, ஒரு ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைத் தந்தது. அந்த ஹெட்போன் எவ்வளவு நேர்மையானது என்று சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. அது என்ன மார்க், எங்கே வாங்கலாம் என்று கேட்டேன்.

"அங்கிள், இது ஆஸ்பத்திரிச் சாமான். விக்கிறதில்ல. சத்தம் கேட்டா பட்டனை அமத்துங்க. சரியா?"

அமுக்கினேன். கேட்டபோது அமுக்கினேன். கேட்காதபோதும், ஒருவேளை எல்லாருக்கும் கேட்கிற சத்தமாக இருந்து நான் மாத்திரம் தவறவிட்டு, அந்தப் பிள்ளை மனம் வருந்தினால் என்ன செய்வது என்று அமுக்கினேன்.

"அங்கிள், இப்ப என்னத்துக்கு அமத்தினீங்க?"

"கேட்டமாதிரி இருந்துது பிள்ளை."

"நான் இன்னும் சத்தமே போடல்லயே!"

திரும்பவும் முதலிலிருந்து செய்தோம். முடிவில், இரண்டு காதும் வயதுக்கு ஏற்ற அளவில் ஒரேமாதிரி இருக்கின்றன, இடதில் விசேடமாக ஒன்றும் இல்லை என்று சீட்டு எழுதித் தந்தது. "காது சொல்றதை நம்புங்க அங்கிள், ஏன் இவ்வளவு பயம்?" என்றும் சொல்லி அனுப்பியது. காது சரியென்றால் ஹெட்போனின் இடது பக்கம்தான் மொனராகலைப் பஸ்ஸில் குலுங்கிப் பழுதாகியிருக்கவேண்டும். இனி மொனராகலைக்குப் போக வேட்டி இல்லை. ஆகவே நல்ல நிலையிலுள்ள வலது பக்கத்தை மாத்திரம் ஆதாரமாகக் கொள்வது என்று தீர்மானித்து, நேற்றுப் பகல் முழுதும் கேட்டேன். ஒவ்வொரு பாட்டின் கடைசி வரியையும் ஏழு தடவை, சுற்றுக்குச் சுற்று பதினைந்து நிமிட இடைவெளி விட்டு, முன்முடிவு வராமலிருக்கப் பாட்டின் வரிசையை மாற்றி மாற்றி. குறிப்பை இத்துடன் இணைத்திருக்கிறேன். ஒன்பது பாட்டிலும் கடைசி வரியில் ஒரு இறக்கம் இருக்கிறது. பெரிதல்ல, தராசுத் தட்டில் யாரோ விரலை வைத்ததுபோல் ஒரு இழுவை. ஆனால் இருக்கிறது. கணபதி சொன்ன பள்ளம் அதுதான்.

ஆக, முடிவு தெரிந்துவிட்டது. வருகிற ஞாயிறு கூட்டத்தில் நான் எழும்பி, வேண்டாம், கடையில் வாங்கிப் போடுங்கள் என்று சொல்லவேண்டும். அதைச் சொல்லிவிடுவேன், சொல்லவேண்டிய வாக்கியத்தைக் கூட எழுதிவைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து மாமியிடம் சொல்லவேண்டிய வாக்கியத்தைத்தான் எழுத முடியவில்லை. ஐந்து தாள் வீணாயிற்று. நேற்றுப் பின்னேரம் மாமி, "எப்ப போடத் தொடங்கினமாம்? யன்னலைத் திறந்து வச்சுக்கொண்டு படுத்தால் இஞ்சை கேக்குமோ?" என்று கேட்டார். கேட்கும் என்றேன்.

ஆகையால் ஆரூரன், உம்மிடம் ஒரு உதவி. ஒலித்துறையில் இருக்கிறவர் என்பதால் நீர் சொன்னால் எடுபடும். சனிக்கிழமைக்குள் மாமிக்குத் தொலைபேசி எடுத்து, கோவில் ஹோர்ன் ஸ்பீக்கரின் அம்ப்ளிஃபயர் பழையதென்றும், மாமியின் குரல்போன்ற நயமான குரல் அதற்கு ஒத்துவராதென்றும், போட்டால் குரலுக்குத்தான் அவமானம் என்றும் சொல்லவும். நான் சொன்னதாகச் சொல்லவேண்டாம். இது பொய்தான். உத்தியோகத்தில் இருந்த காலத்தில் இப்படியொன்றை நான் யாரிடமும் கேட்டிருக்கமாட்டேன். இப்போதும் கேட்பது சரியா என்று தெரியவில்லை, ஆனால் கேட்கிறேன்.

துவாரகாவுக்கு எங்கள் அன்பு. குழந்தைக்குப் பல் வந்துவிட்டதாக அறிந்தோம். எனக்குப் போன பல்லெல்லாம் அங்கே வந்து சேர்ந்ததாக எடுத்துக்கொள்கிறேன். பிள்ளையார் உங்கள் மூவருக்கும் நல்ல காதும் நல்ல சுகமும் தரட்டும்.

இப்படிக்கு,
உம்மில் பட்சமுள்ள மாமா,
சி. கனகசபை

பி.கு.: கடிதத்தை உறைக்குள் வைத்து, முகவரி எழுதி, பசை தேடி அறைக்குள் போய்த் திரும்பினேன். மேசைக்கு முன்னால் மாமி ஹெட்போனை மடியில் வைத்துக்கொண்டு, கையில் ஒரு ஊசியோடு இருந்தார்.

"இஞ்சருங்கோ, இதுக்குள்ளை சந்தனம் காய்ஞ்சு இறுகிப்போய்க் கிடக்கு. ஓட்டையெல்லாம் அடைச்சுப்போட்டுது. இதோடையோ இவ்வளவு நாளும் செய்தி கேட்டனீங்கள்?"

இடது பக்கம். ஊசியால் கிளறி ஊதி என்னிடம் தந்தார். செய்தியைப் போடுவதாக நினைத்துப் பாட்டைப் போட்டுவிட்டேன். வலது காதில் மாமி. கடைசி வரி. எங்கே நிற்கவேண்டுமோ அங்கே, ஆணி அடித்ததுபோல் நின்றது. இடது காதில் வேறொரு சத்தம், கேத்தல் கொதிக்குமுன் தொடங்குவதுபோல் ஒரு முனகல், மெல்லத் தொடங்கிப் பள்ளத்தில் இறங்கிக்கொண்டே போனது. சுருதிப்பெட்டிக்குக் கோளாறு என்றேன். மாமி ஹெட்போனை வாங்கித் தான் மாட்டிக் கேட்டார்.

"இது நீங்கள்."

"நான் பாடேல்லையே."

"பாடேல்லை. முனகிறியள். கடைசி வரி வந்தவுடனை உங்களுக்குக் கண் மூடும், முனகத் தொடங்குவியள். இருபத்திரண்டு வரியமாய்."

"ஏன் ஒருநாளும் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் சுருதிப்பெட்டியையும் விட்டிட்டு வீட்டிலை இருந்திடுவியள். பிறகு எனக்குப் பக்கத்திலை ஆர் இருக்கிறது?"

நல்லதென்று நான் நம்பிய வலது பக்கத்தில் கேட்ட அந்த இழுவையும் என்னுடையதுதான், மேசையைச் சுற்றி அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. உறை ஒட்டாமல் இருந்ததால் மாமி கடிதத்தை எடுத்து முழுவதும் வாசித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். மொனராகலைப் பகுதியில் மாத்திரம் ஒருமுறை நிமிர்ந்து, "அந்தக் கறை எலுமிச்சம்பழம் போட்டால் போகும்," என்றார். பிறகு கணபதிக்குத் தொலைபேசி எடுத்து, புதன்கிழமை திரும்பப் பதியவேண்டும் என்று அவரே சொல்லிவிட்டார். சுருதிப்பெட்டி நான்தான் அமுக்கவேண்டுமாம், அதில் மாற்றமில்லை. ஆனால் கணபதியின் போனோடு இந்த ஹெட்போனைக் கொழுவி, பதிவு முடியும்வரை நான் மாட்டிக்கொண்டு இருக்கவேண்டுமாம். என் முனகல் எனக்கே கேட்டால் நானே நிறுத்திவிடுவேனாம்.

கடிதத்தைத் திருத்தாமல் அப்படியே அனுப்பும்படி மாமி உத்தரவு. ஆகவே இணைத்திருக்கும் குறிப்பைப் பொருட்படுத்தவேண்டாம். கூட்டத்துக்கென்று எழுதிய வாக்கியத்தைக் கிழித்துவிட்டேன். உம்மிடம் கேட்ட உதவியையும் மாமிக்குச் செய்யவேண்டாம். ஆனால் அதே பொய்யை, ஆளை மாற்றி, எனக்குச் சொன்னால் பெரிய உபகாரம். கோவில் ஹோர்ன் ஸ்பீக்கருக்கு ஆண்குரல் ஒத்துவராது என்று சனிக்கிழமைக்குள் அழைத்துச் சொல்லவும். நம்புவதாகத் தீர்மானித்துவிட்டேன்.